அற்புதம் டீச்சரின் மாற்று ஏற்பாடு

"பாவாயீ…"

கூப்பிட்டுவிட்டு அற்புதம் டீச்சர் இடது கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார். அவர் நிற்கும் பாறைக்குக் கீழே மூடுபனி கிடக்கிறது. காப்பிச் செடி எது, சில்வர் ஓக் மரம் எது என்று தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, எங்கிருந்தோ, "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு மெல்லிய குரல் மேலே ஏறி வருகிறது. டீச்சர் கையை இறக்கிவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார்.

செம்மநத்தம் பஸ் நிறுத்தத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினால் வரும் ஓராசிரியர் பள்ளியில் வருகைப் பதிவு இப்படித்தான் நடக்கிறது. மற்ற ஊர்களில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகு பெயர் கூப்பிடுவார்கள். இங்கே பெயர் கூப்பிட்ட பிறகுதான் பிள்ளைகள் வருவார்கள். வீடுகள் சரிவு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. மணி அடித்தால் அது யாருக்கோ அடித்த மணி என்று படுத்திருக்கலாம். பெயரைச் சொல்லி ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டால் எழுந்துதான் ஆகவேண்டும். டீச்சரின் இந்த உத்தியை எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை.

இதில் ஒரு வம்பும் உண்டு. படிப்பை விட்டுவிட்டு எஸ்டேட்டுக்குப் போய்விட்ட பிள்ளைகளின் பெயரையும் அவர் விடாமல் கூப்பிடுகிறார். "சின்னசாமீ…" என்று கூப்பிடுவார். காதில் கையை வைத்து, வருகிற பிள்ளைக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பாரோ அவ்வளவு நேரம் காத்திருப்பார். பதில் வராது. சின்னசாமி நான்கு வருஷமாகப் பதில் சொல்வதில்லை. அவனுடைய அம்மா ஆராயி ஒரு நாள் பாறைக்கே ஏறி வந்து சண்டை பிடித்தாள்.

"ஏனுங்க டீச்சர், நித்தமும் எம்பட பையன் பேரைக் கூவி எங்களை ஏனுங்க சந்தி சிரிக்க வெக்கறீங்க? அவன் பெரிய ஆளாயிட்டானுங்க. அந்தப் பேரை அடிச்சுப் போடுங்க."

"நீ வேணும்னா அடிச்சுக்கோ ஆராயி. நான் அடிக்க மாட்டேன்."

அதற்கு மேல் பேசினால் டீச்சருக்குக் கோபம் வந்துவிடும். வந்தால் கேன்வாஸ் ஷூ போட்ட காலால் தரையைத் தட்டிக்கொண்டே நிற்பார். சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போடுகிற ஒரே டீச்சர் இந்த மலையில் அவர்தான். பையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும், அதற்குள் சாக்பீஸ். ஏற்காட்டு ஈரத்தில் சாக்பீஸ் நமுத்துப்போய் எழுதாது என்பதால், சத்துணவு அடுப்போரம் அடுக்கி வைத்துக் காயவைப்பார். அவர் சாக்பீஸ் எல்லாம் ஒரு பக்கம் பழுப்பேறியிருக்கும். வீட்டில் அவருக்குப் பேச்சே கிடையாது. ஏரிப்பக்கம் பழக்கடை போட்டிருக்கும் அவர் கணவர் மனுவேல், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பேரைக் கூப்பிட்டே தொண்டை தீந்துபோச்சுங்க. எம்பட பேரைக் கூப்பிடறதுக்குக் குரலே மிச்சமில்லை."

இப்படிப்பட்டவருக்குப் பயிற்சி வகுப்பு என்றால் மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஆசை. மற்ற ஆசிரியர்கள் பணியிடைப் பயிற்சி என்றதும் பல்வலி, மைத்துனிக்குக் கல்யாணம் என்று கிளம்புவார்கள். இவர் முன் வரிசையில் போய் உட்காருவார். ஸ்கெட்ச் பேனா வாங்கிக்கொள்வார். "எங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு வேற ஆரு இருக்கறாங்க? மலையில தனியாக் கத்திட்டுக் கெடக்கறோம். சரியாக் கத்தறமா தப்பாக் கத்தறமான்னு கூடத் தெரியாது" என்பார்.

எண்பத்தொன்பது டிசம்பரில் ஏற்காட்டில் நடந்த பத்து நாள் பயிற்சியில்தான் அட்டை வித்தை ஒன்றைக் கற்றுக்கொண்டார். பிள்ளையிடம் தினம் ஒரு சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். பிள்ளை அதை வீட்டில் அந்தப் பொருளின் மேல் ஒட்ட வேண்டும், அல்லது கட்ட வேண்டும். பாவாயி அப்போது ஒன்றாம் வகுப்பு. சேர்ந்த நாளிலிருந்து வாயைத் திறக்காத குழந்தை. அவளுக்கு 'ஆடு' என்று எழுதிக் கொடுத்தார். அவள் ஆட்டின் கழுத்தில் கட்டினாள். மறுநாள் காலை நேராக டீச்சரின் முழங்காலருகே வந்து நின்று, "இன்னொரு ஆடு தின்னுபோட்டுதுங்க டீச்சர். வேற எழுதிக் குடுங்க" என்றாள். அதுதான் அவள் பள்ளியில் பேசிய முதல் பேச்சு. கோடை விடுமுறைக்குள் வீட்டிலிருந்த உலக்கை, பானை, அரிவாள் எல்லாவற்றுக்கும் பெயர் தொங்கியது. அந்தக் குடியிருப்பில் ஐந்தாம் வகுப்பு வரை வந்த முதல் பெண் இன்று பாவாயிதான். டீச்சருக்கு அதில் சந்தோஷம் பொங்குகிறது, மறைக்கவும் தெரியாது.

ஆனால் அதே பத்து நாளில்தான் பாவாயியின் அண்ணன் சின்னசாமி போனான். டீச்சர் பயிற்சியில் இருந்தார், பள்ளி பூட்டிக் கிடந்தது, எஸ்டேட்டில் காப்பிப் பழம் சிவந்திருந்தது. வீட்டில் சும்மா இருக்கிறவனை அம்மா கூட்டிக்கொண்டு போனாள். டீச்சர் திரும்பி வந்து கேட்டபோது ஆராயி, "பழம் முடியட்டுமுங்க, பாத்துக்கலாமுங்க" என்றாள். பழம் முடிந்ததும் மிளகு வந்தது. மிளகு முடிந்ததும் நிழல் மரக் கிளைகளைக் கழிக்கும் கவாத்து. அதற்குப் பிறகு குழி வெட்டு. நான்காம் வகுப்பில் எல்லோரையும் விட வேகமாக வாசித்தவன், அதற்குள் கூடை தூக்குகிற ஆளாகிவிட்டான். ஒரே பயிற்சி தங்கையைக் கொடுத்து அண்ணனை எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கு டீச்சருக்கு இன்றுவரை சரிப்படவில்லை.

இந்த வருஷமும் டிசம்பரில் ஆர்டர் வந்தது. பத்து நாள் பயிற்சி. தலைப்பு, 'மாணவர் இடைநிற்றலைத் தவிர்த்தல்'. கடைசிப் பகுதியில் கணக்கு, பின்னங்கள். கீழே வழக்கமான ஒரு வரி: 'கற்பித்தல் பாதிக்காத வண்ணம் தக்க மாற்று ஏற்பாடு செய்துவிட்டு வரவேண்டும்.' ஓராசிரியர் பள்ளியில் அந்த ஒருவர் போன பிறகு எந்த மாற்று, என்ன ஏற்பாடு என்று ஆர்டர் எழுதியவருக்குத்தான் வெளிச்சம். அரை நாள் வராவிட்டாலும் முழுப் பயிற்சியையும் பிப்ரவரியில் திரும்ப முடிக்க வேண்டும் என்று இன்னொரு வரி. பிப்ரவரியில் கடைசிப் பறிப்பு நடக்கும்.

போகாமல் இருக்கவும் மனம் வரவில்லை. முந்தின வாரம் பாவாயி ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "வகுத்தாச் சின்னதாத்தானுங்க ஆகோணும்? அரையால வகுத்தா எப்படிங்க டீச்சர் பெருசாகும்?" டீச்சர், "அது அப்படித்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்கக் கூசிப்போயிருந்தார். அவருக்கும் அது தெரியாது.

ஆகவே ஒரு வழி செய்தார். ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, பாறைக்கு ஓடி ஏறிப் பெயர் கூப்பிடுவார். வந்த பிள்ளைகளைச் சத்துணவு ஆயா சின்னத்தாயியிடம் ஒப்படைத்து, பெரியவளான பாவாயியிடம் அன்றைய அட்டைகளைக் கொடுப்பார். அந்த பஸ் கடைசி ஊர் வரை போய்த் திரும்பி வருவதற்குள் கீழே ஓடிவந்து ஏறிக்கொள்வார். மூச்சிரைக்கப் பயிற்சி அறைக்குள் நுழையும்போது, பயிற்சி நடத்தும் கருத்தாளர் ஞானசுந்தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சேலத்திலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை, நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறவர். ஆனால் வருகைப் பதிவேட்டைக் காலையில் திறந்து மூடிவிட்டால் பிறகு திறக்க மாட்டார்.

ஒவ்வொரு காலையும் பாறை மேல் டீச்சர் ஒவ்வொரு பெயருக்கும் குரல் வரும்வரை மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றார். சின்னப் பிள்ளைகளைப் பற்றிப் பயமில்லை, அவர்களால் பழம் பறிக்க முடியாது. பாவாயிக்குப் பத்து வயது. கை நன்றாக எட்டும். பயிற்சி பாதி கடந்திருந்த ஒரு காலையில் அவளைக் கூப்பிட்டார், பதில் வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். மூடுபனியில் ஒரு நாய் குரைத்தது.

டீச்சர் அவள் வீட்டுக்கு இறங்கிப் போனபோது ஆராயி வாசலில் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாவாயி, இடுப்பில் கூடையோடு, டீச்சரைப் பார்க்காமல் நின்றாள்.

"ஏன் ஆராயி, பேர் கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுதுங்க. நீங்களே இல்லீங்களே டீச்சர். அட்டையைக் குடுத்துட்டு பஸ் ஏறிப் போயிர்றீங்க. சோத்துக்கு உக்காந்திருக்கறதுக்குப் பேரு பள்ளிக்கூடமுங்களா? எங்கூட வந்தா ரெண்டு செடி பறிப்பா."

"நான் திரும்பி வந்ததும் அனுப்புவியா?"

"பழம் முடியட்டுமுங்க, பாத்துக்கலாமுங்க."

அதே வாசல், அதே வார்த்தை. கீழே பஸ் ஹாரன் அடித்தது. டீச்சர் ஓடினார். ஓடும்போதே தன் மேல் வெறுப்பு வந்தது, ஆனாலும் ஓடினார்.

அன்று குழு வேலை. இடைநிற்றலுக்கான காரணங்களைச் சார்ட்டில் எழுத வேண்டும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று டீச்சரிடம் பேனாவைக் கொடுத்தார்கள். பக்கத்தில் கிளியூர்ப் பக்கத்து ஆசிரியர் ஸ்தனிஸ்லாஸ் சொல்லச் சொல்ல எழுதினார். வறுமை. பெற்றோரின் அறியாமை. பருவகால வேலை. தூரம். ஸ்தனிஸ்லாஸ் போதும் என்ற பிறகும் பேனா நிற்கவில்லை. கடைசியில் இன்னொரு வரி ஏறியது: 'ஆசிரியர் பயிற்சி.'

"அக்கா, என்னங்க எழுதறீங்க? வம்பு வேண்டாமுங்க, அதை அடிச்சுருங்க."

"அடிக்க மாட்டேன் தம்பி."

சுவரில் மாட்டிய சார்ட்டை ஞானசுந்தரம் உரக்க வாசித்துக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் குரல் நின்றது. பிறகு திரும்பாமலே, "இதை மேலே அனுப்ப முடியாதுங்க டீச்சர்" என்றார். கோபத்தைக் காட்டவில்லை. டீ இடைவேளை வந்தும் அறையில் யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் டீச்சர் பாறைக்குப் போகவில்லை. பெயர் கூப்பிடுவதை அன்று சின்னத்தாயியிடம் விட்டிருந்தார். முதல் பஸ்ஸிலிருந்து இறங்கி, நேராக ஆராயியின் வீட்டுக்கு ஏறினார்.

"பாவாயியை அனுப்பு."

"இல்லாத பள்ளிக்கூடத்துக்கு எப்படிங்க அனுப்பறது?"

"பள்ளிக்கூடம் இருக்குது. இந்த வாரம் ஏற்காட்ல இருக்குது. பயிற்சி முடியற வரைக்கும் எங்க ஊட்ல இருக்கட்டும், நான் சோறு போடறேன்."

ஆராயி சாக்கை மடித்தாள். டீச்சரின் கால் தரையைத் தட்டவில்லை. "போன தடவை நான் போனேன், சின்னசாமியும் போயிட்டான். இந்தத் தடவை இவளை உட்டுட்டுப் போக எனக்குத் தைரியமில்லை ஆராயி."

கீழே பஸ் திரும்பி வரும் சத்தம் வளைவுக்கு வளைவு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆராயி சாக்கைக் கீழே போட்டாள். பானைத் தண்ணீரில் கையை நனைத்து, மகளின் தலையை அழுத்தி வாரிவிட ஆரம்பித்தாள்.

ஞானசுந்தரம் பதிவேட்டோடு வந்தபோது முன் வரிசையில் டீச்சரின் இடம் காலியாக இருந்தது. டீச்சர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வராந்தாவில், கரும்பலகை தெரிகிற இடத்தில், மடியில் சிலேட்டோடு பாவாயி.

"டீச்சர், இது ஆசிரியர்களுக்கான பயிற்சி. பிள்ளைகளைக் கூட்டிட்டு வரக்கூடாதுங்க."

"கற்பித்தல் பாதிக்காம மாற்று ஏற்பாடு செய்யச் சொல்லி ஆர்டர்ல இருக்குதுங்கய்யா." டீச்சர் எழுந்து நின்றார். "செஞ்சுட்டனுங்க."

ஸ்தனிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஞானசுந்தரம் சிறுமியைப் பார்த்தார், சுவரிலிருந்த சார்ட்டைப் பார்த்தார். நேற்றைய கடைசி வரி அப்படியே இருந்தது. பாவாயியைத் திருப்பி அனுப்பிவிடுவாரா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. அனுப்பினால் கூடவே போவது என்று முடிவு செய்திருந்தார். பிப்ரவரி என்றால் பிப்ரவரி.

"வெளியவே உக்காரட்டும்" என்றார் ஞானசுந்தரம். பலகையில் 'பின்னங்கள்' என்று எழுதிவிட்டு, பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள்.

"அற்புதம்."

"உள்ளேன் ஐயா."

பட்டியல் முடிந்து அவர் பேனாவை மூடப் போனார். டீச்சர் இன்னும் உட்காரவில்லை. வராந்தாப் பக்கம் திரும்பி, "பாவாயி" என்றார்.

"உள்ளேன் டீச்சர்."

அடுத்த பெயரை அவர் பாறை மேல் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"சின்னசாமீ…"

பாவாயி சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். அறைக்குள் பேனாக்கள் நின்றன. டீச்சர் செம்மநத்தம் போகும் ரோட்டைப் பார்த்தபடி, இடது கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வழக்கமாக நிற்கிற நேரம் வரைக்கும் நின்றார்.