நம் ஊருக்குக் கம்பெனியைக் கூப்பிட்ட அருளம்மாள் அத்தை

இதைப் படித்ததும் தயவுசெய்து மடித்து வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள், முக்கியமாக என் அப்பாவிடம். அருளம்மாள் அத்தையோடு தையல் பயிற்சிக்கு வந்த உங்களுக்காக மட்டும்தான் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். விளக்குப் போடாமல் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

செய்தி அப்பாவின் வேனுக்குத்தான் முதலில் வந்தது. ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வேன் கிளம்பும் நேரத்தில் யாரோ ஓடிவந்து, அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அப்பா ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். "ஒர்த்தி செத்தா ஊரே லீவா? கம்பெனிக்கு நானு இன்னா பதில் சொல்றது?" என்று கத்தினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவும் நானும் மட்டும் வாசலிலேயே நின்றோம். எங்களைப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அத்தையின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு அவர்மேல் ஏன் கோபம் என்று உங்களுக்குத் தெரியும். கம்பெனி ஊருக்கே வந்துவிட்டால் வேனில் யார் ஏறுவார்கள்? அந்த வேன்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதையும் நான் மறக்கவில்லை.

ஆனால் எனக்கு வரும் சந்தேகங்களே அத்தைக்கும் வந்தன. ஒரகடத்திலும் இதே வெயில்தான், இதே மழைதான். கம்பெனிகள் ஏன் அங்கேயே நின்றுவிட்டன? நம் ஏரியைத் தாண்டி ஏன் ஒன்றுகூட வரவில்லை? நான் மனதுக்குள் கேட்டுக்கொள்வேன். அவர் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் கேட்பார். ஒருமுறை கன்டெய்னர் லாரி ஒன்று வழி தவறி ஊருக்குள் வந்துவிட்டது. டீக்கடையில் அந்த டிரைவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் நைனா, இம்மாம் பெரிய வண்டி எங்க ரோட்ல வர்றதுக்குக் கஷ்டமா கீதா?"

"ஏரி மதகாண்ட திருப்பறதுக்குள்ள உசுரு பூட்ச்சிம்மா. காசு குடுத்துக் கூப்ட்டாலும் இன்னொரு தபா வரமாட்டேன்."

அன்றே அத்தைக்குப் புரிந்துவிட்டது. பெரிய சாமான் செய்கிறவர்கள் இங்கே வரமாட்டார்கள், சின்ன வண்டியில் கட்டுக்கட்டாக ஏற்றக்கூடிய வேலையைத்தான் தேட வேண்டும். அப்படித்தான் ஷூவின் மேல்தோலைத் தைக்கும் கம்பெனிக்கு நடையாய் நடந்தார். மூடிக் கிடக்கும் ரைஸ்மில்லைத் தருகிறோம், வந்து பாருங்கள் என்றார்.

அந்தக் கம்பெனி ஆபீசர் முதலில் வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மேளம், மாலை, சால்வை, பேனர், ஆரத்தி எல்லாம் வைத்தோம். பெண்கள் எல்லோரும் வேலைக்கு லீவு போட்டார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

"இன்னைக்கு என்ன விசேஷம்? யாருமே வேலைக்குப் போகலையா?" என்று ஆபீசர் கேட்டார்.

"உங்களுக்காகத்தான் சார்!" என்று பெருமையாகக் கத்தினோம்.

அவர் முகம் மாறிவிட்டது. மில்லைச் சரியாகப் பார்க்காமலே கிளம்பினார். கார் போனதும் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். "வேல கேக்கறதுக்கே லீவு போட்ட ஊரு இதான்டி. நடவு வந்தா, திருவியா வந்தா மிசினு சும்மா கெடக்கும்னு நெனச்சிக்கினு போறாரு. மோளம் வேற அடிச்சிச் சொல்லிட்டோம்."

பிறகு அத்தையே போய், "சொல்லாம வாங்க சார், நடவு நேரமா பாத்து வாங்க" என்று கூப்பிட்டார். ஆபீசரும் வந்தார். இந்த முறை மேளம் இல்லை. அத்தை அவரை நேராக வரப்புக்கு அழைத்துப் போனார். கூட்டாக நடவுக்குப் போகும் அத்தையின் செட்டில் ஒருத்திக்குக் காய்ச்சல். அவள் இடத்தில் அவள் நாத்தனார் நட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆளு வராம பூடலாம் சார். எடம் காலியா இருக்காது" என்றார் அத்தை. "ஒருத்தி வரலன்னா மாத்து ஆளு வந்தே ஆவணும். இது செட்டு பேச்சு. அதுக்கு செட்டுக்காரி நானு பொறுப்பு."

ஆபீசர் வரப்பில் நின்று நடுகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணினார். "மெஷினுக்கும் இப்படித் தருவீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு மிசினுக்கு ரெண்டு பேரா கத்துக் குடுங்க. தரேன்."

அதனால்தான் உங்களையெல்லாம் ஜோடி ஜோடியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அத்தை தனி ஆள். அவருக்கு மாத்து ஆள் என் அம்மா என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. வேன் ஒரகடம் போய்வரும் நேரத்துக்குள் அம்மா பயிற்சிக்குப் போய்த் தைத்துவிட்டு வந்துவிடுவாள்.

நாளை அத்தையின் படத்திறப்புக்கு அதே ஆபீசர் வருகிறார். இனி இந்தச் செட்டுக்கு யார் பொறுப்பு என்று தெரிந்தால்தான் மில்லில் கம்பெனியைத் திறப்பதாம். "எல்லார் எதிர்லயும் நானே கேக்கப் போறேன், யாருமா பொறுப்புன்னு. ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா பாரு" என்று அப்பா சாப்பிடும்போது சிரித்தார். அம்மா சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைத்தான் பார்த்தேன், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பிறகு அடுப்படியில், நீ பொறுப்பு எடுத்துக்கொள்கிறாயா என்று ரகசியமாகக் கேட்டேன். "உங்கப்பா எதிர்ல நானாடி? சும்மா கெட" என்றாள். முடியாது என்று மட்டும் சொல்லவில்லை.

அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் கேட்கும் விதத்தைத்தான். தெரியாததைக் கேட்க அவர் வெட்கப்பட்டதே இல்லை. வந்த பதில் நமக்கு எதிராக இருந்தாலும் கோபித்துக்கொள்ளாமல், அதிலிருந்தே அடுத்த கேள்வியைப் பிடிப்பார். பயந்த சுபாவம் உள்ள எனக்கு அது வருமா என்று தெரியவில்லை. இன்று உங்களிடம் ஒன்று கேட்டுப் பார்க்கிறேன்.

செட்டுக்காரி இல்லையென்றால் அவருடைய மாத்து ஆள்தானே பொறுப்பு? அத்தை சொன்ன செட்டு பேச்சு அதுதானே? அம்மா தானாக எழுந்திருக்க மாட்டாள். அப்பா கேட்டதும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவள் பெயரைச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் அப்பா அடக்கிவிடுவார். செட்டே சொன்னால் அம்மா கட்டாயம்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா என்றால் தட்ட மாட்டாள்