பெரும்பாவி பற்றிய பாடம்

ஒலுவில் கம்பஸில் இஸ்லாமியக் கற்கை படித்த எங்களுக்கு மிகப் பிடித்த பாடம் அது. பெரும்பாவம் செய்தவன் முஸ்லிமா, இல்லையா? இஸ்லாத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளில் இந்த ஒரு கேள்விக்காகவே கூட்டங்கள் பிரிந்து அடித்துக்கொண்டன. காரிஜிய்யாக்கள் அவனைக் காபிர், மார்க்கத்தை விட்டுப் போனவன் என்றார்கள். முஃதஸிலாக்கள் இரண்டுக்கும் நடுவில் வைத்தார்கள். முர்ஜிஆக்களோ, தீர்ப்பை அல்லாஹ்விடம் விட்டுவிடுவோம், நமக்கென்ன என்றார்கள். எங்கள் அரபு பாதி வழியில் நின்றுவிடும் என்பதால் பழைய கிதாபுகளைத் தமிழ் மொழிபெயர்ப்பில்தான் படித்தோம். அதில் முர்ஜிஆக்களை வழிதவறிய கூட்டம் என்று போட்டிருந்தது. கண்டீனில் பிளேன்டீயோடு கட்சி பிரிந்து வாதாடுவோம். பெரும்பாவி என்பவன் எங்களுக்கு ஓர் உதாரணம், அவ்வளவுதான்.

பிறகு என் தம்பி போதைத் தூள் பாவித்து மௌத்தானான்.

கல்முனையில் ஒருவர் இறந்தால் மௌத்துச் செய்தி பள்ளிவாசல் ஸ்பீக்கரில்தான் வரும். கேட்டதும் கடையைச் சாத்திவிட்டு ஆட்கள் வருவார்கள். அன்று காலை ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை. நடுப்பகல் லுஹர் தொழுகை நெருங்கும்போது மரைக்கார் ஒருவர், பள்ளி நிர்வாகத்தில் எங்கள் குடிவழிக்காக இருப்பவர், வந்து வாப்பாவின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“தூளால மௌத்தான ஆக்களுக்குப் பள்ளியில அறிவிக்கிறல்ல, பள்ளி ஹஸரத் ஜனாஸாத் தொழுகை தொழுவிக்கிறதுமில்ல எண்டு முடிவெடுத்திரிக்கம். உங்களுக்குத் தெரியும்தானே காக்கா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவுத் திரையை விலக்கினேன்.

“அப்ப என்ட தம்பி காபிரா?”

“அஸ்தஃபிருல்லாஹ்! அப்பிடி ஆரு புள்ள சொன்ன? மையவாடியில அடக்குங்க, தடையில்ல. ஹஸரத் வரமாட்டார், அவ்வளவுதான்.”

மனிசன் முஃதஸிலாக்களைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். ஆனால் தம்பியைக் கொண்டுபோய் அந்த நடுவில்தான் போட்டார். நாசமாய்ப் போன நடு! வாப்பா, தொழுவிக்க வரச்சொல்லி ஓதத் தெரிந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் அடித்தார். எல்லோருக்கும் அன்றைக்கென்று ஏதோ ஒரு வேலை இருந்தது.

தம்பியின் மையித்தின் தலைமாட்டில் இருந்த உம்மா என் கையைப் பிடித்தார்.

“நீ படிக்கிற கிதாபுல இதுக்கு என்ன சொல்லியிரிக்கி மகள்?”

“தீர்ப்ப அல்லாஹ்விட்ட விட்ட ஆக்களும் இருந்தாங்க உம்மா.”

“அவங்கட பள்ளி எங்க இரிக்கி? வாப்பாவ அனுப்புவம்.”

இந்தக் கேள்வி எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை. எனக்கு அழுகை வெடித்தது.

“இல்ல உம்மா. அந்தக் கூட்டம் எப்பயோ அழிஞ்சி போயித்து.”

உம்மா என் கையை விட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்வாசலில் இருந்த வாப்பாவிடம் போனார். மரைக்கார் இன்னும் நிற்கிறாரா என்றுகூடப் பார்க்கவில்லை.

“எழும்புங்க. கைகால் கழுவி ஒளு எடுங்க. நீங்க தொழுவிங்க, நானும் மகளும் பின்னால நிக்கம்.”

“எனக்குப் பெரிய துஆவெல்லாம் பாடமில்ல புள்ள,” என்றார் வாப்பா.

“தெரிஞ்சத ஓதுங்க. அவனுக்கு நம்மள விட்டா ஆரும் இல்ல.”

அப்படித்தான் தொழுதோம். வாப்பா முன்னால், நாங்கள் இரண்டு பேரும் பின்னால். என் தம்பிக்கு வேறு தொழுகை நடக்கவில்லை.