படிவத்தில் எழுதிய விலாசம்

இதில் யாருடைய பெயரும் இல்லை. எங்கள் ஊரின் பெயர் மட்டும் இருக்கிறது. அதை எழுதாமல் தவிர்த்தே பழகியவர்கள் நாங்கள். ஆகவே அதை மட்டும் வேண்டுமென்றே எழுதுகிறேன்: மஹய்யாவ.

கண்டியில் இந்தப் பெயரைச் சொன்னால் சிலருடைய முகம் மாறும். நகரத்தைக் கூட்டிக் கழுவுகிறவர்கள் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் இடம் இது. அந்த முகங்களைப் பார்க்கப் பிடிக்காமல் எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எங்கள் சந்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் இரண்டு விலாசம் உண்டு. குடியிருக்கும் விலாசம் ஒன்று, படிவத்தில் எழுதும் விலாசம் ஒன்று. வேலைக்கு, பாடசாலை அனுமதிக்கு, கல்யாணப் பேச்சுக்கு எல்லாம் இரண்டாவதுதான். அத்தை வீடு, சிநேகிதி வீடு, யார் சம்மதிக்கிறார்களோ அவர்கள் வீடு. கடிதம் அங்கே போகும், நாங்கள் பஸ் ஏறிப் போய் வாங்கி வருவோம்.

எங்கள் இசைக்குழுவுக்கும் விலாசம் அப்படித்தான் வந்தது.

நாங்கள் நான்கு பேர். நான் பாடுவேன். அண்ணன் பேஸ் கிட்டார் வாசிப்பான், கிழமை நாட்களில் அவனுக்கு மாநகர சபையின் துப்புரவுப் பிரிவில் வேலை. ட்ரம்ஸ் அடிப்பவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், சாவு வீடுகளில் தப்படித்துத் தேறிய கை அவருடையது. கீபோர்ட் வாசிப்பவர் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் டீச்சர். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவுக்கு ஓர்கன் வாசிப்பவரும் அவர்தான். சனங்கள் வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்கும் நேரத்தில் அவருடைய விரல் கொஞ்சம் ஆட்டம் போடும். ஃபாதர் இரண்டு தடவை பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்திருக்கிறார், டீச்சர் ஒரு தடவையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

நாங்கள் வாசிப்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், ப்ளூஸ். மஹய்யாவவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் நான் கோபப்படாமல் இருந்ததே இல்லை. ட்ரம்ஸ்காரரின் ஃபோனில் ஒரு பழைய வீடியோ பார்த்தோம். அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் வியர்வை வழிய நின்று பாடுகிறாள். அவள் சொன்னதில் பாதி விளங்கவில்லை. அவளுக்கு யார்மேல் கோபம் என்பது முழுதாக விளங்கியது. அன்று பின்னேரமே எங்கள் வீட்டு முன்னறையில், கதிரைகளை வெளியே போட்டுவிட்டு, தொடங்கிவிட்டோம். மெட்டு அவர்களுடைய வகை, சொல் எங்களுடைய தமிழ்.

ஒருமுறை எங்களைப் பற்றி எழுத வந்த ஒருவர், இது உங்கள் ஒப்பாரியின் தொடர்ச்சிதானே என்று உருகிக் கேட்டார். எங்களைப் பார்த்தால் அழ வந்தவர்கள் மாதிரியா இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் எழுதியதில் அந்தக் கேள்வி வரவில்லை, ஒப்பாரி மட்டும் வந்திருந்தது.

வாவிக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் ஒரு ஹோட்டலில் எங்களுக்குச் சனிக்கிழமை மாலைகள் கிடைத்தன. கல்யாண வீட்டுக் குழுக்களில் வழக்கமான பாட்டுகளைப் பாடி அலுத்திருந்த எங்களுக்கு அது பெரிய விஷயம். ஹோட்டல் ஒரு படிவம் தந்தது. விலாசம் என்ற இடத்தில் அண்ணன் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். பிறகு டீச்சரின் வீட்டு விலாசத்தை எழுதினான். அதுதானே வழக்கம்.

ஆனால் அந்த ஹோட்டல் கடிதம் அனுப்பவில்லை, வேன் அனுப்பியது. வாத்தியங்களோடு எங்களை ஏற்றிப் போக ஒவ்வொரு சனிக்கிழமையும் வேன் கட்டுகஸ்தோட்டைக்கு வரும் என்றார்கள். இந்தக் கூத்தைக் கண்டியைத் தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். வேன் ஹோட்டலிலிருந்து இறங்கி, டவுனைத் தாண்டி, எங்கள் சந்து வாசலைக் கடந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும். நாங்கள் அதற்கு முன்பே ட்ரம்ஸையும் கிட்டாரின் ஒலிபெருக்கி ஆம்பையும் இரண்டு ஓட்டோக்களில் அடைத்துக்கொண்டு அதே பாதையில் கட்டுகஸ்தோட்டைக்குப் போய், டீச்சர் வீட்டு வாசலில் அப்போதுதான் குளித்து வந்தவர்கள் போல நிற்போம். பிறகு வேன் எங்களை ஏற்றிக்கொண்டு மறுபடி எங்கள் சந்து வாசல் வழியாகவே திரும்பும். எட்டு வருஷம் இப்படிப் போய் வந்தோம்.

வேன் போகும் நேரத்தில் சந்து வாசலில் நிற்கும் பிள்ளைகள் கை காட்டக் கூடாது என்பது கட்டளை. அதைப் போட்டது என் அம்மாதான். முப்பது வருஷம் இந்த நகரத்தின் தெருக்களைக் கூட்டி ஓய்வு பெற்றவள்.

"வேன் வந்தா நாங்க ஒங்கள பாக்க மாட்டோம். நீங்களும் எங்கள பாக்காதீங்க. ஒங்க பொழப்பு கெட்டுறக் கூடாது" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. ஹோட்டலுக்குப் போகும் வழியில், எங்கள் சந்துக்குப் பக்கத்திலேயே, வாகன நெரிசலில் வேன் நின்றுவிட்டது. பஸ் தரிப்பிடத்தில் அம்மா நின்றாள். கையில் மார்க்கெட் பை, குடை காற்றில் மடங்கிப் போயிருந்தது. வேனைக் கண்டதும் உடனே மதில் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். எங்களுக்காக அந்த மழையில் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேன் சாரதி நல்ல மனுசன். சிங்களவர், எங்களைவிட வயதில் மூத்தவர், டவுனில் பழகிய தமிழ் பேசுவார். தம்பி என்பதற்கு மட்டும் மல்லி என்பார், அண்ணனும் அவரைச் சிங்களத்தில் அய்யே, அண்ணா, என்றுதான் கூப்பிடுவான்.

"அனே, அந்த அம்மா நல்லா நனையுது. எடம் இருக்குதானே, ஏத்துவோமா?" என்றவர், அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "யாரு மல்லி அது, தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாது அய்யே" என்றான் அண்ணன்.

டீச்சர் என் கையைப் பிடித்தார். ட்ரம்ஸ்காரர் மறுபக்க ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அண்ணன்மேல் எனக்கு வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் பெரிது. எனக்கும் வாய் இருந்தது, நானும் திறக்கவில்லை. வேன் நகர்ந்தது.

அன்று மாலை மேடையில் முதல் பாட்டுக்கு முன் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன். தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒருமுறை. எங்களில் மூன்று பேர் மஹய்யாவவில் பிறந்து அங்கேயே இருக்கிறவர்கள் என்றேன். இங்கே வரும் வழியில், மழையில் நின்ற எங்கள் அம்மாவைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்றேன். இனி அப்படிச் சொல்ல மாட்டோம் என்றேன். இரண்டு மேசைகளில் கை தட்டினார்கள், மற்ற மேசைகளில் சாப்பிட்டார்கள். பிறகு ட்ரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, வெறும் கையால், சாவு வீட்டில் அடிக்கும் அதே அடியை அடிக்கத் தொடங்கினார். அதன் மேல் டீச்சர் ஏறினார். அண்ணனின் பேஸ் மூன்றாவது வரியில்தான் வந்து சேர்ந்தது. நான் அன்று பாடிய மாதிரி அதற்கு முன் பாடியதில்லை.

முடிந்ததும் மானேஜர் கூப்பிட்டார். அந்தப் பேச்சு தேவையில்லாதது என்றார், மரியாதையாகத்தான். படிவத்தைத் தாருங்கள், விலாசத்தைத் திருத்த வேண்டும் என்றேன். விருந்தினர்களை ஏற்றும் வேனை அந்தப் பக்கம் நிறுத்த முடியாது என்றார். அப்படியானால் நாங்கள் கட்டுகஸ்தோட்டையில் நிற்க மாட்டோம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்மேல் பாய்ந்தான்.

"ஒனக்கென்ன, பேசிட்ட! கெழமை பூரா சாக்கடைக் கானுக்குள்ள நிக்கிறேன். ஒருத்தனும் மூஞ்சியப் பாத்துப் பேசுறதில்ல. அந்த சனிக்கிழமை ஒண்ணுலதான்டி என்னைய மனுசனாப் பாக்குறாங்க. அதையும் இல்லாமப் பண்ணிட்டியே?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அம்மா அடுப்படியில் எதுவும் கேட்காதவள் போல ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

ஹோட்டல் எங்களை எப்படியும் நிறுத்தத்தான் செய்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு, திருத்த வேலை என்று காரணம் சொல்லி. இப்போது பேராதனைப் பக்கம் ஒரு சின்ன இடத்தில் பாடுகிறோம், நாவலப்பிட்டியிலிருந்து கலஹா வரை கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிறோம். எங்கள் விலாச அட்டையில் மஹய்யாவ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடாதவர்களும் உண்டு. கூப்பிடாமல் இருக்கட்டும். இதையெல்லாம் இங்கேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் நான் முடிக்க விரும்புவது, மேடையில் பேசிய அந்த நாளுக்கு அடுத்த சனிக்கிழமையில்.

மூன்று மணிக்கு ட்ரம்ஸையும் ஆம்பையும் எங்கள் சந்து வாசலில், ரோட்டோரமாக அடுக்கினோம். டீச்சர் வீட்டைப் பூட்டிக்கொண்டு, கீபோர்டைத் தோளில் மாட்டி, கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். சந்தே திரண்டு வந்து நின்றது. அண்ணனை மட்டும் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டையோடு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் ஆம்புக்குப் பக்கத்தில் நின்றான்.

டவுன் பக்கமிருந்து வேன் வந்தது. எங்களைக் கடந்து நேரே கட்டுகஸ்தோட்டைக்குப் போனது. சாரதி திரும்பியும் பார்க்கவில்லை. "போச்சு" என்றார் பின்னால் யாரோ. அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

அரை மணி நேரத்தில் வேன் திரும்பி வந்தது. அப்போது அம்மா நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கினாள். பஸ்ஸை மறிக்கிற மாதிரி கையை உயர்த்தினாள். கட்டளையைப் போட்டவளே கை காட்டினாள். வேன் நின்றது.

சாரதி தலையை வெளியே நீட்டினார். "டீச்சர் வீட்டுக்குத்தான் போகச் சொன்னாங்க, போனேன். வீடு பூட்டு. வாற வழியில கை காட்டினா ஏத்த வேணாம்னு ஒருத்தரும் சொல்லல்லதானே" என்றார். பிறகு அம்மாவை உற்றுப் பார்த்தார். "அன்னைக்கு மழையில நின்ன அம்மாதானே இது? யாரு மல்லி?"

சந்து முழுக்க அண்ணனைப் பார்த்தது. அவன் கிட்டாரை மெதுவாக ஆம்பில் சாய்த்து வைத்தான்.

"எங்கம்மா" என்றான். "அன்னைக்கும் எங்கம்மாதான் அய்யே. இந்தா, இந்த சந்துலதான் இருக்கோம்."

சாரதி இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். அண்ணன் முன்கதவைத் திறந்து பிடித்தான். அம்மா ஒரு நொடி அவனைப் பார்த்தாள், பிறகு செருப்பைத் தட்டிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சாமான்களை ஏற்றி நாங்களும் ஏறினோம். வேன் கிளம்பியதும் சந்து வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாம் கை காட்டினார்கள். நாங்களும் காட்டினோம். அம்மா ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையை டவுன் வரும்வரை உள்ளே எடுக்கவில்லை.