நான் நிறுத்துக் கொடுத்த குண்டுகள்

பாளையங்கோட்டையில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் நானும் என் கணவரும் உறுப்பினர்கள். ஏர் ரைபிளுக்கான ஈயக் குண்டுகளை அவருக்கு நான்தான் பிரித்துத் தருவேன். நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, எடை மாறியதையும் விளிம்பு நசுங்கியதையும் ஒதுக்கிவிடுவேன். பொறுக்கிய குண்டுகள் சொன்ன இடத்தில் போய்ப் படும்.

போன வருஷம் மாவட்டப் போட்டியில் நானும் பெயர் கொடுத்தேன். எனக்கென்று ஒரு டப்பா தனியாகப் பிரித்து வைத்திருந்தேன். களத்தில் நின்று திறந்தால், எல்லாம் நான் ஒதுக்கிய குண்டுகள். திரும்பிப் பார்த்தேன். கணவர் சிரித்தார்.

"நல்லத நான் எடுத்துக்கிட்டேன். ஒனக்கு எதுக்குட்டி அது? சும்மா ஆசைக்குத்தானே சுடுத?"

நான் கடைசியாக வந்தேன். அவருக்குத் தங்கம். அன்றைக்கு வண்ணார்பேட்டை ஹோட்டலில் நண்பர்களுக்கு விருந்து வைத்து, நான் சுட்ட அழகை எழுந்து நின்று நடித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவருடைய டப்பாவில் எடை மாறிய குண்டுகளைக் கலக்க ஆரம்பித்தேன். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவர் குறி சிதறியது. கண்ணாடியை மாற்றினார். கை நடுங்குகிறதா என்று என் முன்னால் நீட்டிக் காட்டினார். ஒரு சாயங்காலம் அழுதேவிட்டார்.

"எனக்கு என்னமோ ஆயிட்டுட்டி. பயமா இருக்கு."

"வயசாகுதுல்லா" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

துப்பாக்கியை விற்றுவிட்டார். இப்போது ஸ்கூட்டர் ஓட்டக்கூடப் பயந்து, என் பின்னால் உட்கார்ந்து வருகிறார். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே நிமிர்ந்துவிடுவார். நான் சொல்லவில்லை. அவர் பயப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது.