மேல்பலகைக்கு இரண்டு பூச்சு

நாற்பது ஆண்டுகள் மரச்சாமான்களுக்கு மெருகேற்றியே வாழ்ந்தவரை, அத்தெருவில் எல்லாரும் மெருகுக்காரர் என்றே அழைத்தனர். நீதிமன்ற நாற்காலி, பல் மருத்துவரின் வாசற்கதவு, பியானோ, சவப்பெட்டி என, அவருடைய தூரிகை படாத மரம் அவ்வூரில் குறைவு. பூச்சில்லாத மரத்தைக் கண்டால், சட்டை போடாமல் வந்த விருந்தாளியைக் கண்டதுபோல் அவருக்குக் கூச்சமாக இருக்கும். ஒருமுறை சமையலறையின் மரக்கரண்டிக்கும் வார்னிஷ் அடித்துவிட்டார். அன்றைய சூப் கண்ணாடிபோல் மின்னியது. குடித்தவர்தாம் ஒருவரும் இல்லை.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரு சௌனா வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை. கல்லடுப்பை மூட்டிச் சூடேற்றி, உள்ளே உட்கார்ந்து வியர்வை சிந்துவதற்கான பலகையறை அது. அஞ்சலகத்தில் முப்பது ஆண்டுகள் நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்த அவருடைய மனைவி, தம் முழங்கால் வலிக்காகக் குளியலறையை ஒட்டி அதனைக் கட்டிக்கொண்டார். சுவர் முதல், படிபோல் மேலும் கீழுமாக அமைந்த இரண்டு இருக்கைப்பலகைகள் வரை அனைத்தும் பூச்சே காணாத வெளிர்மரம். கட்டிய தச்சர், போகும்போது தெளிவாகவே சொல்லிவிட்டுப் போனார்.

"துண்டு விரிச்சுத்தான் உட்காரணும். முடிஞ்சதும் பலகையைத் துடைச்சுட்டுக் கதவைத் திறந்து வைங்க, காயட்டும். கறை பட்டா உப்புத்தாளால லேசாத் தேய்ச்சா போதும். வார்னிஷை மட்டும் கிட்டவே கொண்டு வராதீங்க. சூட்டுல இளகி ஒட்டும், நாத்தமும் அடிக்கும்."

அடுத்த மாதம் மனைவி, தம் தங்கையுடன் நான்கு நாள் பயணம் கிளம்பினார். வாசலில் நின்று கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க பாருங்க, நான் வர்ற வரைக்கும் அந்த அறை உங்க பொறுப்பு. தூரிகையைத் தொட்டீங்கன்னு தெரிஞ்சுது, சாவியை உங்க சகலைகிட்ட கொடுத்துடுவேன். அப்புறம் உள்ள போறதுக்கு அவர்கிட்டதான் கேட்டு நிக்கணும்."

தங்கையின் கணவரான சகலை, இரண்டு வீடு தள்ளி இருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காரில் ஏறாதவர்களுக்கும் கற்றுக்கொடுப்பவர். அவரிடம் அனுமதி கேட்டு நிற்பதைவிட, மெருகுக்காரர் ஆயுள் முழுவதும் குளிரில் நடுங்கியே காலந்தள்ளிவிடுவார்.

இரண்டு நாள் துண்டு விரிக்க மறந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், மேல்பலகையில் சாம்பல் நிறத்தில் வியர்வைக்கறை படிந்திருந்தது. அது உடம்பின் எந்தப் பகுதியுடைய அச்சு என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. வீட்டில் இருந்தவரும் ஒருவரே.

உப்புத்தாள் எடுக்கத்தான் பெட்டியைத் திறந்தார். பக்கத்திலேயே வார்னிஷ் டப்பா இருந்தது. கை துறுதுறுத்தது. 'தச்சருக்கு மரம் அறுக்கத் தெரியும். பூச்சைப்பற்றி அவருக்கு என்ன தெரியும்?' என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, மேல்பலகைக்கு இரண்டு பூச்சு அடித்தார். டப்பாவில் மிச்சம் இருந்ததால் கீழ்ப்பலகைக்கும் இரண்டு. கறை மறையவில்லை, கண்ணாடி போட்டு மாட்டிய படம்போல் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. ஆயினும் பலகையில் தம் முகம் தெரிந்த மகிழ்ச்சியில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் பிற்பகலில், இடுப்பில் கட்டிய துண்டோடு சோதனைக்கு உட்கார்ந்தார். கால்மணி நேரம் கழித்து எழ முயன்றார். அவர் எழுந்தார், துண்டு எழவில்லை. உடனே மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துச் சகலை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன சகலை, கிளட்ச் கருகுன மாதிரி தெருவெல்லாம் நாறுது?"

"ஒண்ணுமில்ல. நீங்க கிளம்புங்க."

"முதல்ல வெளிய வாங்க."

"முடியாது. வார்னிஷ் அடிச்சேன். துண்டு ஒட்டிக்கிச்சு."

சகலை அடுப்பை அணைத்தார். அதற்குள் அவருடைய மூக்குக்கண்ணாடி மங்கிப்போய்விட்டது. "பதறக் கூடாது. நிதானமா யோசிக்கணும்" என்று தம் மாணவர்களுக்குச் சொல்வதையே சொல்லிக்கொண்டு, கீழ்ப்பலகையில் அமர்ந்து யோசித்தார். யோசித்து முடித்து எழுந்தபோது, கால்சட்டை கிழியும் ஓசை கேட்டது. அவரும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"கீழயும் அடிச்சீங்களா?"

"நீங்க கேட்கவே இல்லையே."

அக்காவும் தங்கையும் பெட்டிகளோடு வந்து நின்றபோது, இருவரும் மேலும் கீழுமாக, அசையாமல் வீற்றிருந்தனர். தங்கை சிரிப்புத் தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி சிரிக்கவில்லை.

"சாவி உங்களுக்குத்தான் வரணும், தம்பி" என்றார் சகலையிடம்.

"எனக்கு வேண்டாம்க்கா. ஒரு கத்தரிக்கோல் மட்டும் கொடுங்க."

ஆக, சாவியைப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று. மெருகுக்காரர் மூன்று நாள், மரத்தின் வரிப்போக்கிலேயே, உப்புத்தாளால் தேய்த்தார். பூச்சு போயிற்று, கறை போயிற்று, அவருடைய முகமும் பலகையைவிட்டுப் போயிற்று. மாலையில் மனைவி துண்டை விரித்து அமர்ந்து, முழங்காலை மெல்ல நீட்டினார்.

"நல்லா இருக்கு. சாவியை நீங்களே வச்சுக்குங்க. ஆனா வார்னிஷ் டப்பா ஒண்ணுகூட இந்த வீட்டுல இருக்கக் கூடாது. தங்கச்சி வீட்டுல கொண்டுபோய் வச்சுடுங்க."

ஏழு டப்பாக்களையும் சுமந்துகொண்டு வரும் மெருகுக்காரரைச் சகலை சன்னல் வழியே பார்த்துவிட்டார்.

"எங்க வீட்டுல மரமே கிடையாது, சகலை" என்று சொல்லிக்கொண்டே, மரக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.