பெரியப்பாவின் வலது கால்

பெரியப்பா தன் வலது காலை ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, அழைக்காமல் வந்து உட்கார்ந்துவிட்ட யாரையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்து, உலர்ந்த பேரீச்சம்பழம் போல் சுருங்கியிருந்தன. சபையிலிருந்து வந்த மூப்பர்கள் மூன்று பேர் அப்போதுதான் எழுந்து போயிருந்தார்கள். அவர்கள் பூசிவிட்டுப் போன எண்ணெய் கணுக்காலில் பளபளத்தது. வியாதிக்காரன் மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்ல வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறது. பெரியப்பா வரவழைத்தார். பூசினார்கள். இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

அவர் என் அப்பாவின் அண்ணன். பிள்ளைகள் இல்லை. பெரியம்மா இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. ஆண்டர்சன்பேட்டையில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நான் இருந்தேன். வாரத்தில் ஆறு நாள் ரயிலேறி பெங்களூர் போய், ஒரு தையல் ஆலையின் ஆபீசில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சமைத்துக் கொடுத்து, வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்து வைப்பது என் பொறுப்பு. சர்க்கரை அவருக்கு இருபது வருஷமாக இருந்தது.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் அவர் டிம்பர்மேன். குடைந்த பாதையின் மேற்கூரை சரியாமலிருக்க மரங்களை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. அந்த வேலையில் ஓர் அங்குலம் முன்னே பின்னே என்பது கிடையாது. சொன்ன இடத்தில் சொன்ன மரம் நிற்க வேண்டும். வேதத்தையும் அவர் அப்படித்தான் வாசித்தார். இதற்கு இப்படி ஓர் உட்பொருள் என்று பாஸ்டர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பெரியப்பாவின் முகம் மாறிவிடும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொல்லியிருப்பதால், சபையில் எல்லாரும் கைகளை உயர்த்தி உரக்க ஜெபிக்கும்போது இவர் மட்டும் வாய்மூடி இருப்பார். வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். கடைத்தெருவில் ஒரு குடிகாரன் ஆள் தெரியாமல் அறைந்தபோது மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். அவன் அதிலும் அறைந்தான். ஒரு பல் போனது. பேச்சுவாக்கில் நான் ‘சத்தியமா’ என்று சொல்லிவிட்டால், “ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அதுக்கு மேல இன்னா?” என்பார். இந்த ஊர்ப் பாறை பல கோடி வருஷம் பழையது என்று பள்ளியில் படித்துவிட்டு வந்து சொன்னபோது சிரித்தார். “நான் உள்ள போயி அதுங்கூட பொழங்கனவன் பாப்பா. எந்தக் கல்லுலயும் அதோட வயசு எழுதியிருந்து நான் பாக்கல. ஆண்டவர் ஆறு நாள்ல ஒலகத்தப் படைச்சாருன்னு எழுதிக்கீது. அத்தோட முடிஞ்சிது.”

சின்ன வயதில் அவரைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். கல்லூரிக்குப் போன பிறகு வெட்கப்பட்டேன். பிறகு இரண்டும் இல்லாமல் போனது. பாதி நம்பி பாதி சமாளிக்கிற மனிதர்களோடு ரயிலிலும் ஆபீசிலும் பழகிப் பழகி, முழுசாக நம்புகிற ஒருவரின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருவது எனக்கு ஓர் ஆறுதலாகவே இருந்தது.

எண்ணெய் பூசிய மறு வாரம் மூன்றாவது விரலும் கறுத்தது. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் இளம்பெண். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே பேனாவால் ஒரு கோடு போட்டு, “இங்க எடுத்துட்டா போதும், தாத்தா. லேட் பண்ணா மேல மேல ஏறும். உயிருக்கே ஆபத்து” என்றார். பெரியப்பா அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆண்டவர் கொடுத்த உடம்பை ஆண்டவரிடம் முழுசாகத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். பாஸ்டரை அனுப்பிப் பார்த்தேன். ஆண்டவர் மருத்துவர்கள் மூலமாகவும் கிரியை செய்கிறார் என்றார் பாஸ்டர். “அது எங்க எழுதிக்கீது, காட்டுங்க” என்றார் பெரியப்பா. பாஸ்டரால் காட்ட முடியவில்லை.

அதன் பிறகுதான் நான் அதைச் செய்தேன். இன்றுவரை என்னால் மறக்க முடியாதது அதுதான். ரயிலில் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்த வசனம் அது. உன் கால் உன்னை இடறச் செய்தால் அதை வெட்டி எறிந்து போடு, இரண்டு காலோடு நரகத்தில் விழுவதைவிட ஒற்றைக் காலோடு ஜீவனுக்குள் போவது நல்லது என்கிற இடம். அவருடைய வேதத்தையே எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

“வெட்டலாம்னு எழுதிக்கீது பெரியப்பா. காலில்லாம கூட அங்க போலாம்னு அவரே சொல்றாரு.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டாம் முறை உதடு அசைய வாசித்தார். “ஆமா. எழுதிக்கீது” என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். தேநீர் போட எழுந்தேன்.

“ஆனா பாப்பா, கால் பாவம் பண்ணாத்தான வெட்டச் சொல்லுது? இந்தக் கால் இன்னா பண்ணுச்சு?”

சும்மா ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் தேநீர் போடப் போய்விட்டேன். தானே யோசித்துச் சொல்வதாகச் சொன்ன பெரியப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று எதிர்வீட்டுக்காரர்கள் போன் செய்தார்கள். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, காணாமல் போன பொருளைப் பற்றிச் சொல்வதுபோல், “கெடச்சிது பாப்பா” என்றார்.

நாற்பது வருஷத்துக்கு முன்பு நடந்தது. நந்திதுர்க் பக்கத்துச் சுரங்கத்தின் ஆழத்தில் அவரும் அவருடைய கூட்டாளியும் ஒரே ஷிப்டில் இருந்தார்கள். பாறை தன் பாரம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சரிவதை இங்கே ஏர்பிளாஸ்ட் என்பார்கள். அன்று அது நடந்தது. விளக்குகள் அணைந்தன. கூட்டாளி இடுப்புவரை கல்லுக்குள் சிக்கிக்கொண்டார். பெரியப்பா தப்பி ஓடத் திரும்பியபோது கூட்டாளியின் கை இவருடைய வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. மேலே இன்னும் கல் சரிந்துகொண்டிருந்தது. பெரியப்பா காலை உதறினார். பிடி விடவில்லை. இடது காலை ஊன்றி, வலது காலால் ஓங்கி உதைத்தார். பிடி விட்டது. பிறகு அந்தப் பகுதி முழுதும் இடிந்து, உடலை எடுக்க முடியாமல் போனது. மேலே வந்து எல்லாரிடமும், கூட்டாளியின் மனைவியிடமும், கல் விழுந்த அந்த நொடியிலேயே அவர் போய்விட்டார், வலி தெரிந்திருக்காது என்று சொன்னார். அதற்கு அடுத்த வருஷம்தான் ஞானஸ்நானம் எடுத்திருக்கிறார். எனக்கு அந்தக் கணக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

“வெட்டிக்கலாம். ஆனா அதுக்கு முன்ன அந்தம்மாகிட்ட சொல்லணும்” என்றார். பலிபீடத்துக்கு முன்னால் போய் நிற்கும்போது உன்மேல் குறை உள்ளவர் நினைவுக்கு வந்தால், முதலில் போய் அவரோடு ஒப்புரவாகு என்று எழுதியிருக்கிறது. அவர் வீடு இருந்த மாரிகுப்பத்தில் விசாரித்தபோது, அந்த அம்மா ஓசூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அந்தக் காலோடு பெரியப்பாவை ஓசூர்வரை கூட்டிப்போக வழியில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று கெஞ்சினேன்.

“போ-ன்னு எழுதிக்கீது. போன் பண்ணுன்னு எழுதல.”

அந்த அம்மா திரும்பிவர ஒன்பது நாள் ஆயிற்று. தினமும் வேலைக்குப் போகுமுன் அவர் காலைப் பார்த்துவிட்டுப் போவேன். டாக்டர் பேனாவால் போட்ட கோடு என் மனதில் இருந்தது. கறுப்பு அதைத் தொட்டது, தாண்டியது. வீட்டில் சாம்பிராணி போட்டும் நாற்றம் போகவில்லை. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, “இன்னும் ரெண்டு நாளு” என்பார். அவருக்கு மயக்க ஊசி போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட டாக்டரிடம் கேட்டேன். முடியாது என்றார்.

பத்தாம் நாள் மாரிகுப்பம் போனோம். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய வரிசை வீடுகளில் ஒன்று. சுவரில் புத்தர் படம், அதன் கீழே ஒரு சின்ன பல்பு. அந்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேலிருக்கும். “வாங்கண்ணா, இன்னா இப்படி ஆயிட்டீங்க” என்று ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். நாற்பது வருஷமாக அவர் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுகளுக்கு வந்தவர். பெரியப்பா நாற்காலியில் உட்கார மறுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. கை பிடித்தது, உதைத்தது, பொய் சொன்னது. மன்னிக்கணும் என்று முடித்தார்.

அந்த அம்மா அழவில்லை. முந்தானையை மடியில் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“வலி தெரியாம போனாருன்னு சொன்னீங்களேண்ணா.”

“பொய் சொன்னேம்மா.”

“அத நெனச்சினுதான் நான் தூங்கனேன். நாப்பது வருசமும் அத நெனச்சினுதான் தூங்கனேன். புள்ளைங்களுக்கும் அததான் சொல்லி வளத்தேன். இப்ப வந்து அத எடுத்துனு போறீங்களே, எனக்கு இன்னா குடுத்துட்டுப் போறீங்க?”

அந்த அம்மா மேலே ஏதும் கேட்கவில்லை. எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “போயி வைத்தியம் பாருங்க. போங்க” என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணுக்காலோடு போயிருக்க வேண்டியது, தொடையோடு எடுத்தார்கள். எடுத்த காலை வாங்கிப் போய்க் கல்லறையில் பெரியம்மா பக்கத்தில் புதைத்துவிடலாம் என்று மூப்பர்களில் ஒருவர் சொன்னார். அப்போதுதான் மயக்கம் தெளிந்திருந்த பெரியப்பா தலையை அசைத்து மறுத்தார். “எறிஞ்சு போடுன்னுதான் எழுதிக்கீது.”

வெட்டியும் அவரைக் கால் விடவில்லை. இல்லாத காலில் வலி இருப்பதாக உணர்வது எல்லாருக்கும் நடப்பதுதான், மூளை பழைய கணக்கிலேயே இருக்கும் என்று டாக்டர் விளக்கினார். பெரியப்பாவுக்கு வந்தது வெறும் வலியல்ல. கணுக்காலைச் சுற்றி ஐந்து விரல்கள் இறுக்கிப் பிடித்திருப்பதாகச் சொன்னார். கட்டில் விரிப்பு தட்டையாகக் கிடக்கும் அந்த இடத்தைக் காட்டி, “இங்கதான் பாப்பா, கொஞ்சம் தேச்சு உடேன்” என்பார். நான் வெறும் விரிப்பைத் தேய்த்துவிடுவேன். அப்படி ஒரு மத்தியானம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் மிச்சத்தையும் சொன்னார். உதைத்துவிட்டு ஓடியவர், ஆட்களை மேலே ஏற்றிப்போகிற கூண்டு வந்து நிற்கும் இடத்தில் காத்திருந்தார். கூண்டு இறங்கிவர நேரமானது. அதுவரைக்கும் கூட்டாளியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்ததாம். இவர் பெயரைத்தான் கூப்பிட்டதாம். கூண்டில் ஏறி மேலே கிளம்பிய பிறகும் கொஞ்ச தூரம் கேட்டதாம்.

“அத அந்தம்மாகிட்ட சொல்லல. அவங்க கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார்.

அதற்குப் பின் ஏழு மாதம் இருந்தார். வேதத்தை மடியில் திறந்து வைத்திருப்பார், ஆனால் பக்கம் திருப்புவது குறைந்துவிட்டது. ஒருநாள் என்னைக் கேட்டார்: “மன்னிப்பு கேளுன்னு எழுதிக்கீது. கேட்டேன். அவங்க குடுக்கலன்னா அப்பால இன்னா பண்றதுன்னு தேடிப் பாத்தேன் பாப்பா. எங்கியும் எழுதல.” நானும் தேடித் தருவதாகச் சொன்னேன். தேடவில்லை. ஒரு முறை தேடிக் கொடுத்ததே போதும் என்றிருந்தது. சிறுநீரகம் பழுதாகி, ஒரு வெள்ளிக்கிழமை காலை இறந்துபோனார். அடக்கத்தில் பாஸ்டர், வார்த்தையின்படி வாழ்ந்தவர் என்று சொன்னார். அது உண்மைதான். கூட்டத்தில் அந்த அம்மாவைத் தேடினேன். வரவில்லை.

அந்த வசனத்தை நான் காட்டாமல் இருந்திருந்தால் அவர் சில வாரங்களில் இறந்திருப்பார், நிம்மதியாக. அந்த அம்மாவும் பழையபடி தூங்கியிருப்பார். நான் நம்பாத ஒன்றை, அவர் நம்புகிறார் என்பதற்காக ஒரு கடப்பாறைபோல் எடுத்துப் பயன்படுத்தினேன். ஒவ்வோர் எழுத்தையும் உள்ளபடியே எடுத்துக்கொள்கிறவர் கையில் எதைக் கொடுக்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டும்.

போன மாதம் காலை ரயிலில், நான் ஏறிய பெட்டியில் அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கண் வைத்தியத்துக்கு வாரம் ஒருமுறை பெங்களூர் போகிறாராம். வேறு பெட்டிக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன். “பாப்பா” என்று கூப்பிட்டு, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டார். வண்டி பங்காருப்பேட்டையில் நின்றபோது, வெளியே பார்த்தபடியே கேட்டார்.

“கால புடிச்ச மனுசன் கூப்டாம இருந்திருக்க மாட்டாரு. எவ்ளோ நேரம் கூப்ட்டாரு? உங்க பெரியப்பா உன்கிட்ட சொல்லியிருப்பாரு.”

ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. எனக்கு இரண்டும் வரவில்லை. என் முகத்தைத் திரும்பிப் பார்த்தவர், சட்டென்று கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

“வேணா. சொல்லாத. உனக்குத் தெரியும். அது போதும்.”

வண்டி கிளம்பியது. ஆட்கள் நெருக்கி ஏறி, எங்கள் இருவருக்கும் இடையிலிருந்த இடைவெளியும் இல்லாமல் போனது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. அடுத்த வாரமும் அதே பெட்டியில், பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். இப்போது வாரம் ஒருமுறை இப்படித்தான் போகிறோம். அவர் கேட்பதில்லை, நான் சொல்வதில்லை.