மேலகரத்து மாஸ்டரின் அருவி வைத்தியம்

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு மதுரை மாட்டுத்தாவணியில் தென்காசி பஸ் ஏறினேன். கிட்டத்தட்ட நூற்றறுபது கிலோமீட்டர். ஜூலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் குற்றாலத்தில் குளிக்கத் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாகப் போவார்கள். என் பையில் விசிலும் அளவு நாடாவும் இருந்தன. நான் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். எங்கள் கூடைப்பந்து அணிக்கு உயரமான பெண் ஒருத்தி வேண்டும். மேலகரத்தில் அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று ஏப்ரலில் இருந்து போனில் என்னை அரித்துக்கொண்டிருந்தார் மாடசாமி மாஸ்டர். என் கையில் இருப்பது விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஓர் இடம். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். அடுத்த வாரத்துக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும்.

ராஜபாளையம் தாண்டியதும் மலை ஜன்னலோடு கூடவே வர ஆரம்பித்தது. சிவகிரியில் டீ பன்னிரண்டு ரூபாய், வாயில் வைக்க விளங்கவில்லை. அங்கே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் ராயகிரிக்காரர். எலுமிச்சை மூட்டையோடு புளியங்குடி மண்டிக்குப் போகிறார். எங்கே போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். பந்து விளையாடுகிற பிள்ளைக்குக் காலேஜில் சும்மா இடம் தருவார்களா என்று அவருக்கு ஆச்சரியம்.

"பொறவு போலீசு வேலை கெடைக்குமா?" என்றார்.

கிடைக்கலாம் என்றேன். அப்படியானால் சரி என்று தலையாட்டிவிட்டுத் தூங்கிப் போனார்.

பதினொரு மணிக்குத் தென்காசி. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மேலகரத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இறங்கிய இடத்தில் குடையோடு நின்றவர் மாடசாமி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், அங்கேதான் கூடைப்பந்து கற்றுக்கொண்டார். அவர் பக்கத்தில் கனத்த குரலோடு நின்ற அம்மாள் வேலம்மாள். சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர், ஊர் முழுக்க எஸ்.ஐ. அம்மா. எட்டு வருடத்துக்கு முன்னால் இந்த இரண்டு பேரும் சேர்ந்து பயிற்சியை ஆரம்பித்திருக்கிறார்கள். ஆட்டம் அவர் பொறுப்பு. வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளின் அப்பாக்களைச் சம்மதிக்க வைப்பது இவர் பொறுப்பு. காக்கி போட்டிருந்தவர் கேட்டால் யார் மறுப்பார்கள்?

மதியம் எஸ்.ஐ. அம்மா வீட்டில் சாப்பாடு. சாயங்காலம் மைதானத்துக்குப் போனோம். ஒரு பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் சிமெண்ட் தளம். கம்பமும் வளையமும் தென்காசிப் பட்டறையில் அடித்தவை. நாற்பது பிள்ளைகள் இருக்கும். ஈரத்தைச் சாக்கு போட்டுத் துடைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். பத்து காசு வாங்காமல் இரண்டு பேர் இத்தனை பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறார்களே என்று எனக்கு மனசு நிறைந்து போனது. உண்மையாகவே சொல்கிறேன், அந்த அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

மாஸ்டர் தன் வைத்தியத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். சீசன் நாட்களில் விடியற்காலைப் பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளை வேனில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவிக்கு அடியில் நிறுத்திவிடுவாராம். சுளுக்கு, தசைப்பிடிப்பு, முட்டு வலி எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து.

"பட்டாளத்துல மேட்ச் முடிஞ்சா ஐஸ் தண்ணித் தொட்டிக்குள்ள எறக்கிருவாங்க மேடம். எங்க ஊர்ல அது மலையில இருந்து சும்மா விழுது. விட முடியுமா?"

நானும் சிரித்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

ராயகிரிப் பெண். பிளஸ் டூ முடித்துவிட்டு எஸ்.ஐ. அம்மா வீட்டில் தங்கி விளையாடுகிறாள். ஐந்து அடி பதினோரு அங்குலம், நாடா வைத்தே அளந்தேன். கை அவ்வளவு நீளம், பந்தைப் பிடிக்கிற லாவகம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஆனால் குதித்து இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் வலது காலில் மட்டும் இறங்கினாள். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நின்று, யோசித்து, சுற்றிக்கொண்டு போனாள். இருபது வருடமாகப் பெண்களின் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடது காலுக்கு என்ன என்று மாஸ்டரைக் கேட்டேன். மே மாதக் கடைசியில் ஒரு சுளுக்கு, அருவியில் மூன்று வாரம் நிறுத்தியதும் வீக்கம் வடிந்துவிட்டது என்றார்.

சனிக்கிழமை விடியற்காலை நானும் அவர்களோடு வேனில் போனேன். மூன்று கிலோமீட்டர்கூட இராது. வழியெல்லாம் ரம்புட்டான் கடை, கிலோ இருநூறு. பேரருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் இன்னும் சேரவில்லை. வரிசையாகப் போய் நின்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தத் தண்ணீர் முதுகில் விழுந்தால் வேறு நினைப்பே வராது, அதை மறுக்க மாட்டேன். இசக்கி பாறையில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஈரத்தோடு கரையில் உட்கார்ந்திருந்தோம். மெதுவாகக் கேட்டேன்.

"கீழ விழுந்தப்போ டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு மேடம். இப்ப நடக்கையில சில நேரம் முட்டு வழுவிப் போவுது. அருவியில நின்னா வலி தெரியாது. மாஸ்டர் கேட்டாவ, நல்லாயிருக்குன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"இல்லன்னா உக்கார வச்சிருவாவ. நீங்க பாக்க வாரீயன்னு சொல்லிருந்தாவ."

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. மாஸ்டரிடம் போய், இன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றேன். அவர் உடனே வேனை நோக்கி நடந்தார். அப்படியே ஈர உடையோடு தென்காசிக்குப் போனோம்.

மத்தியானம் டாக்டர் விவரமாகச் சொன்னார். முழங்காலுக்குள் இருக்கிற ஜவ்வு மே மாதமே அறுந்துவிட்டது. வீக்கம் தானாக வடிந்ததைக் குணமானதாக நினைத்துக்கொண்டு திரும்ப ஆட வைத்ததில் உள்ளே எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தையும் நைந்துவிட்டது. அப்போதே வந்திருந்தால் கதை வேறு. இனி ஆபரேஷன் செய்தால் ஒழுங்காக நடக்கலாம், ஆனால் குதித்து ஆடுகிற ஆட்டத்தை அவர் சிபாரிசு செய்ய மாட்டார். குளிர்ந்த தண்ணீர் தப்பில்லை, வலியை மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான் என்றும் சொன்னார். இதைக் கேட்டதும் மாஸ்டர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் போனபோது வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றிருந்தார்.

"நாந்தான மேடம் அவள அங்கன கொண்டு நிறுத்துனேன். ஒவ்வொரு நாளும் நானே கொண்டு நிறுத்துனேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பொய்தான் வாயில் வந்தது, சொல்லவில்லை. எஸ்.ஐ. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தார். எத்தனையோ திருடனின் பொய்யை மூஞ்சியைப் பார்த்தே பிடித்தவராம். ஒரே வீட்டில் கூடச் சாப்பிட்ட பிள்ளை நொண்டுவதைப் பிடிக்க முடியவில்லையே என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

எங்கள் முதல்வருக்குப் போன் போட்டேன். மன்றாடினேன் என்றே சொல்லலாம். அவர் நல்ல மனுஷி, ஆனால் விளையாட்டு இடத்தை விளையாட முடியாத பெண்ணுக்குக் கொடுக்க விதி இல்லை. விடுதிக்குப் பணம் கட்டிச் சேர்வதானால் சேரட்டும் என்றார். ராயகிரியில் கூலிக்குப் போகிற வீட்டில் அதற்கு எங்கே போவார்கள்?

சாயங்காலம் இசக்கியின் அப்பா வந்தார். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். அவர் கத்துவார், மாஸ்டரை அடித்தாலும் அடிப்பார் என்று பயந்திருந்தேன். அடித்திருந்தால் மாஸ்டருக்கும் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அவர் நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, மகள் காலை ஒரு தரம் பார்த்துவிட்டு, என்னிடம்தான் கேட்டார்.

"காலேஜ் இல்லன்னா புளியங்குடி மண்டிக்குத்தான் அனுப்பணும். அங்கன குத்தவச்சு உக்காந்துதான் எலுமிச்சங்காய் தரம் பிரிக்கணும். அதுக்காவது முட்டு மடங்குமா?"

டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். இசக்கி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவே இல்லை. அழுதால் தேவலை என்று இருந்தது.

ஞாயிறு காலை கிளம்புவதற்கு முன்னால் மைதானத்துக்குப் போனேன். விஷயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்கு ஓட்டம் இல்லை, வேன் இல்லை. மாஸ்டர் சவரம்கூடச் செய்யவில்லை, பட்டாளத்துக்காரரை அப்படிப் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாரையும் ஒரே வரிசையில் நிற்கச் சொன்னார். நாற்பது பேரும் சாரலில் நின்றார்கள்.

"முட்டு வலிக்கவங்க ஒரு அடி முன்னால வாங்க. யாரையும் உக்கார வைக்க மாட்டேன்."

யாரும் வரவில்லை.

இன்னொரு தடவை கேட்டார், இந்தத் தடவை கெஞ்சுகிற குரலில். எஸ்.ஐ. அம்மாவும் கேட்டார். வரிசை அசையவில்லை. எனக்கு நேர் எதிரே நின்ற பெண் உடம்பு முழுவதையும் ஒரு காலில் போட்டு நின்றிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று இரண்டு காலையும் நேராக ஊன்றி நிமிர்ந்துகொண்டாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அப்படி நிற்க அந்த மைதானத்தில்தான் கற்றிருக்கிறாள். மாஸ்டரும் அவளைப் பார்த்துவிட்டார். ஓடு என்றும் சொல்ல முடியாமல், வீட்டுக்குப் போ என்றும் சொல்ல முடியாமல் நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

தென்காசியில் மதுரை பஸ் கூட்டமாக இருந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவர்கள், ஈரத் துண்டும் சிரிப்புமாக. கடையநல்லூர் தாண்டிய பிறகுதான் என் ஊர் நினைப்பு வந்தது. எங்கள் மைதானத்தில் அருவி கிடையாது, ஸ்கேனுக்கு ஐந்து நிமிட ஆட்டோ, கல்லூரியிலேயே வாரம் ஒரு நாள் டாக்டர் வருகிறார். திங்கட்கிழமை காலை என் பெண்கள் பதினாறு பேரும் வரிசையில் நிற்பார்கள். யாருக்காவது வலிக்கிறதா என்று கேட்கப் போகிறேன். ஒருத்தியும் முன்னால் வர மாட்டாள்.